வரிசையில் நின்ற குடம்

நேயர்களுக்கு வணக்கம். சாமி இல்லை என்பவனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். என் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். அப்பா கருப்புச் சட்டைக்காரர், பெரம்பூரில் மில் தொழிலாளி. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போய்விடுவார். நான் அம்மா பக்கம். விளக்கேற்றாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனாலும் அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

ஒரு குடத்தைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளில் எங்கள் வியாசர்பாடியில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாள் ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். பக்கத்து வீட்டு மீன்காரம்மா விடியுமுன்னே காசிமேடு போயாக வேண்டும். பச்சைக் குடம், வாய் ஓரத்தில் ஒரு விரிசல். காற்றில் உருளாமலிருக்க உள்ளே ஒரு கருங்கல்லைப் போட்டு வைத்துவிட்டுப் போவார். லாரி வந்து வரிசை நகரும்போது அந்தக் குடத்தை யார் நகர்த்துவது? ஆள் இல்லாத குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டால் கேட்க நாதியில்லை. நெற்றி நிறைய விபூதி பூசியவரும் தள்ளியிருக்கிறார், பகுத்தறிவு பேசியவரும் தள்ளியிருக்கிறார். நானே பார்த்திருக்கிறேன்.

நைட் ஷிப்டு முடிந்து வரும் அப்பா, வீட்டுக்குள் கால் வைக்குமுன் வரிசைக்குத்தான் போவார். எங்கள் குடத்தை ஒரு கையாலும் அந்தப் பச்சைக் குடத்தை இன்னொரு கையாலும் நகர்த்துவார். முறை வந்ததும் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிப்பார். ஒருநாள் மீன்காரம்மா கேட்டேவிட்டார்: "உனக்குத்தான் சாமியே கிடையாதே அண்ணே, யாருக்குப் பயந்து என் குடத்தை நகர்த்துற?" அப்பா சொன்னார்: "பயந்தெல்லாம் இல்லம்மா. உன் வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குல்ல."

அம்மாவும் அதே குடத்தை நகர்த்துவார். அம்பாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பார். ஆக, குடம் ஒன்று, காரணம் இரண்டு.

சாக்ரடீஸ் ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன் ஒரு கேள்வி கேட்டார். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, அது புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் என் பாணியில் கேட்டேன்: "அம்பாளே வந்து, அந்தப் பச்சைக் குடத்தைத் தள்ளிவிடு என்றால் தள்ளிவிடுவியாம்மா?" அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "சீ, அப்படிச் சொன்னா அது அம்பாளே இல்லடி" என்றார்.

கவனியுங்கள். எது நியாயம் என்பது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதை வைத்துத்தான் அம்பாளையே அடையாளம் கண்டுகொள்கிறார். பக்தி அவருக்குத் தெம்பு கொடுத்தது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த நியாயம், சாமி கும்பிடாத அப்பாவிடமும் இருந்தது.

எங்கள் வடசென்னையின் சரித்திரத்தைப் பாருங்கள். 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதற்கு முன் மில் ஆட்கள் கூடிய இடம் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்திய பக்தி சபை. சாமி கதை கேட்க வந்த இடத்தில்தான் மில்லில் படும் பாட்டைச் சொன்னார்கள். சங்கத்தின் துணைத் தலைவரான திரு.வி.க. சைவப் பற்றுள்ளவர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்திய சிங்காரவேலரோ நாத்திகர். இவர்களில் யாருக்கு ஒழுக்கம் இல்லை என்பீர்கள்?

நேரம் நெருங்கிவிட்டது. இந்த நியாய உணர்வு மனிதனுக்கு முன்பே தொடங்கியதா என்று பார்க்கக் குரங்குகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலங்குகளின் நடத்தையை ஆராயும் சாரா பிராஸ்னனும் பிரான்ஸ் டி வாலும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு. கப்புச்சின் குரங்கு, ஒரே வேலைக்குப் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சையும் தனக்கு வெள்ளரித் துண்டும் கிடைப்பதைப் பார்த்தால், பல தடவை வெள்ளரியை வாங்க மறுத்துவிடுகிறது. சரி, அது தனக்கு நடந்த அநியாயத்துக்கான கோபம். ஆள் இல்லாதபோது அடுத்தவர் குடத்தை நகர்த்துவது அதற்கு மேலே ஒரு படி. அந்தப் படியை மனிதன் எப்படி ஏறினான் என்று பேச இன்னும் பத்து நிமிடமாவது வேண்டும். நிலையத்தார் கை காட்டுகிறார்கள். வணக்கம்.