யோசியா, ஸ்ட்ரைட்டா? பேர்ன்ல இருந்து ஒரு கேள்வி

அடுத்த கேள்வி, சுவிஸ்ல பேர்ன்ல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. அவங்க எழுதினபடியே படிக்கிறேன். "என்ர மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுறவர், டிஃபென்ஸ். அவருக்கு எல்லாமே ரோமன் யோசிதான். ஆனா ரிங்குக்கு வாற பெரிய ஆக்கள் மார்க் ஸ்ட்ரைட்டின்ர பேரைத்தான் முதல் சொல்லினம். 262ஆவதா எடுத்த ஆளுக்கு அப்பிடி என்ன பெரிய மதிப்பு?"

நல்ல கேள்விக்கா. உங்க மகன் சொல்றதுல தப்பே இல்ல. ஆட்டத்தை மட்டும் வெச்சுப் பார்த்தா யோசிதான். 2020ல நாரிஸ் டிராஃபி வாங்கினாரு. என்ஹெச்எல்ல, அதாவது வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்ல, அந்த வருஷத்தோட சிறந்த டிஃபென்ஸ்மேனுக்குக் குடுக்கிறது. அதுக்கு முன்னாடி எந்த சுவிஸ்காரரும் வாங்கினதில்ல. 2021-22 சீசன்ல 80 மேட்ச்ல 96 பாயின்ட், அதாவது கோலும் கோலுக்குக் குடுத்த பாஸும் சேர்த்து. 1993க்கு அப்புறம் அத்தனை பாயின்ட் எடுத்த டிஃபென்ஸ்மேன் அது வரைக்கும் யாருமே கிடையாது. தமிழ்ல எழுதினா பேரு 'யோசி'ன்னே வருது. யோசிச்சு ஆடற ஆளுக்கு ரொம்பப் பொருத்தம்.

ஆனா அந்தப் பெரியவங்க ஏன் ஸ்ட்ரைட்னு சொல்றாங்க? அதுக்கு 2000த்துக்குப் போகணும். அப்போ சுவிஸ்ல இருந்து என்ஹெச்எல் போனா கோல்கீப்பராத்தான் நிலைச்சு நிக்க முடியும்னு ஒரு எண்ணம் இருந்துச்சு. மிஷெல் ரீசன்னு ஒரு ஃபார்வர்ட். 1997 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வரிசையா புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சில, எட்மன்டன் டீம் அவரை 14ஆவது ஆளா எடுத்தாங்க. எவ்ளோ பெரிய எதிர்பார்ப்பு பாருங்க. ஆனா மொத்தம் ஆடினது 12 மேட்ச். ரேத்தோ ஃபான் ஆர்க்ஸ் சிகாகோவுக்கு 19 மேட்ச். ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிட்டாங்க.

ஸ்ட்ரைட்டும் அதே சமயம் முயற்சி பண்ணினவர்தான். 1999-2000 சீசன்ல அமெரிக்கா போனாரு, 21 வயசு. என்ஹெச்எல்ல இல்ல, அதுக்குக் கீழ இருக்கிற லீக்குகள்ல. ஒரே வருஷத்துல மூணு டீம்: ஸ்பிரிங்ஃபீல்ட், டல்லஹாசி, யூட்டா. டல்லஹாசி ஃப்ளோரிடாவுல இருக்கு, பனியை அபூர்வமாப் பார்க்கிற ஊரு! யாரும் அவரை மேல கூப்பிடல. திரும்பி வந்து சூரிச்ல ZSC-க்கு, அதாவது இசட்எஸ்சி லயன்ஸ் டீமுக்கு ஆடினாரு. 2001ல அவங்க சாம்பியன்.

2004ல மான்ட்ரியால் அவரை டிராஃப்ட்ல எடுக்குது. ஒன்பதாவது ரவுண்டு, 262ஆவது ஆளு. வயசு 26. அதே டிராஃப்ட்ல முதல் ஆளு ஒவெச்கின், அவருக்கு 18. இதுல ஒரு விஷயம் கவனிங்க. அடுத்த வருஷமே டிராஃப்டை ஏழு ரவுண்டாக் குறைச்சிட்டாங்க. இன்னிக்கு 32 டீம், ஏழு ரவுண்டு, 224 பேரோட முடிஞ்சிடும். 262ங்கற நம்பரே இப்போ கிடையாது. ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தா அந்தப் பேரைக் கூப்பிட்டே இருக்க மாட்டாங்க.

அப்புறம் 2004-05 சீசன் லாக்அவுட்ல, அதாவது டீம் முதலாளிங்களுக்கும் ஆட்டக்காரங்களுக்கும் நடந்த சம்பளத் தகராறுல, மொத்தமா ரத்து. ஆனா அதுதான் அவருக்கு நல்லதா முடிஞ்சதுன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா லீக் திரும்பி வரும்போது விதிகளை மாத்தினாங்க. அதுவரைக்கும் என்ஹெச்எல்ல ரெண்டு கோட்டைத் தாண்டி நீளமா பாஸ் குடுக்கக் கூடாது. அதை எடுத்துட்டாங்க. எதிராளியைப் பிடிச்சு இழுக்கிறது, ஸ்டிக்கால மாட்டுறது இதுக்கெல்லாம் கறாரா விசில் ஊத ஆரம்பிச்சாங்க. உலக அளவிலான விதியில அந்த நீள பாஸ் 1998லயே வந்தாச்சு. அதாவது மத்தவங்க 2005ல புதுசா கத்துக்கிட்ட ஆட்டத்தை இவர் ஊர்ல ஏழு வருஷமா ஆடிட்டு இருந்தாரு.

2007ல மான்ட்ரியால் விட்டு ஷெல்டன் சூரே கிளம்பிட்டாரு. பவர் பிளேல, அதாவது எதிர் டீம்ல ஒருத்தர் தண்டனையில வெளிய இருக்கிற நேரத்துல, ப்ளூ லைன்ல (எதிராளியோட பகுதி ஆரம்பிக்கிற கோடு) நின்னு அடிக்கிற பெரிய ஷாட்காரர். அந்த இடம் ஸ்ட்ரைட்டுக்கு வந்துச்சு. மகன்கிட்ட இதைக் காட்டுங்கக்கா, பழைய வீடியோ இருந்தா ஸ்லோவா வெச்சுப் பாருங்க. ப்ளூ லைன்ல நிக்கிறவருக்குப் பின்னாடி இடமே கிடையாது. பக், அதாவது அந்த ரப்பர் வட்டு, கோட்டைத் தாண்டி வெளிய போச்சுன்னா மொத்த டீமும் வெளிய வந்து மறுபடி ஆரம்பிக்கணும். ஸ்ட்ரைட் பலமா அடிக்க அவசரப்பட மாட்டாரு. கோட்டை ஒட்டியே பக்கவாட்டுல நகருவாரு. ஸ்டிக்கைத் தூக்குவாரு, எதிர்ல இருக்கிறவர் ஷாட்டைத் தடுக்க முட்டி போட்டுக் கீழ இறங்குவாரு. அந்த நொடியில பாஸ் போயிடும். அந்த சீசன்ல 62 பாயின்ட். மான்ட்ரியால் பவர் பிளே லீக்லயே முதல் இடம். இத்தனைக்கும் நிறைய மேட்ச்ல மத்த நேரம் அவரை ஃபார்வர்டா ஆட விட்டாங்க!

அடுத்து நியூயார்க் ஐலண்டர்ஸ், அஞ்சு வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் 56 பாயின்ட், டீம்ல அவர்தான் அதிகம். டீம் லீக்லயே கடைசி, அது வேற விஷயம். 2010-11 முழுக்க தோள்பட்டைக் காயத்தால ஆடவே முடியல. ஒரு மேட்ச் கூட ஆடாத அந்த வருஷம் முடிஞ்சதும் அவரைத்தான் கேப்டன் ஆக்கினாங்க. என்ஹெச்எல்ல முதல் சுவிஸ் கேப்டன். எனக்கு அவர் வாழ்க்கையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இப்போ உங்க ஊருக்கு வரேன். 2012ல மறுபடி லாக்அவுட். அப்போ எஸ்சி பேர்னுக்கு 34 வயசு ஸ்ட்ரைட்டும் 22 வயசு யோசியும் ஒண்ணா ஆடினாங்க. ரெண்டு பேரும் பேர்ன்காரங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, 2017 ஸ்டான்லி கப், அதாவது என்ஹெச்எல் சாம்பியன் கோப்பை ஃபைனல்ல எதிரெதிர் டீம். பிட்ஸ்பர்க்ல ஸ்ட்ரைட், நாஷ்வில்ல யோசி. ஆறாவது மேட்ச்ல பிட்ஸ்பர்க் ஜெயிச்சுது. ஸ்ட்ரைட் ஃபைனல்ல இறங்கல, அந்த பிளேஆஃப்ல மொத்தமே மூணு மேட்ச்தான். ஆனாலும் கோல்கீப்பரா இல்லாம கப் ஜெயிச்ச முதல் சுவிஸ்காரர் அவர்தான். அவருக்கு முன்னாடி ஜெயிச்ச ஏபிஷர், கெர்பர் ரெண்டு பேருமே கோல்கீப்பருங்க.

மொத்தம் 786 மேட்ச். 12, 19ன்னு இருந்த இடத்துல 786. அந்தப் பெரியவங்க மனசுல இருக்கிறது இந்தக் கணக்குதான்கா. 2008ல நாஷ்வில் யோசியை 38ஆவது ஆளா எடுத்தப்போ, ஒரு சுவிஸ் டிஃபென்ஸ்மேன் அங்க நிலைப்பானாங்கற சந்தேகத்தை ஸ்ட்ரைட் ஏற்கெனவே தீர்த்து வெச்சிருந்தாரு.

கடைசியா மான்ட்ரியாலுக்கே திரும்பிப் போனாரு, ரெண்டு மேட்ச் ஆடிட்டு விட்டுட்டாரு. அப்புறம் எஸ்சி பேர்ன் கிளப்ல பங்கு வாங்கி நிர்வாகக் குழுவுக்கு வந்தாரு. மகன் யோசி ஜெர்சியே போட்டுக்கட்டும்க்கா. அடுத்த தடவை ரிங்க்ல அந்தப் பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்தா, 2008க்கு முந்தின பவர் பிளே எப்படி இருந்துச்சுன்னு அவங்களையே கேக்கச் சொல்லுங்க.