நேரம் குறைவு, கேம்கள் நிறைய: எதை முடிப்பது?

[காட்சி: வாளையாறு, மாலை நேரம்; வேலை முடிந்து திரும்புவோரின் பேருந்துகள்]

வணக்கம். கோவையிலிருந்து தினமும் வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறவருக்கும், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கும், கேம் ஆட வாரத்தில் நான்கு மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. வாங்கி வைத்தவற்றில் எதை முடிப்பது என்று தீர்மானிக்கும்போது பலரும் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு முறை உட்கார்ந்தால் அந்த கேம் எவ்வளவு நேரம் கேட்கிறது, பத்து நாள் விட்டுத் திறந்தாலும் தொடர முடிகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[காட்சி: 'தி விட்சர் 3' லோடிங் திரை]

2015-இல் வெளிவந்த 'தி விட்சர் 3'-இன் முதன்மைக் கதைக்கு மட்டுமே ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். நம் கணக்கில் அது மூன்று மாதம். ஆனாலும் சண்டை இல்லாத நேரத்தில் பெரும்பாலும் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம் என்பதாலும், மறுபடி திறக்கும்போது இதுவரை நடந்ததை ஒரு குரல் படங்களோடு சுருக்கிச் சொல்லிவிடுவதாலும், அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 'ஹேடீஸ்' இன்னும் வசதி: ஓர் ஓட்டம், அதாவது தொடக்கத்திலிருந்து ஆடும் ஒரு முழுச் சுற்று, அரை மணி நேரம் அளவில் முடியும், நடுவில் வெளியேறினாலும் அதே அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். 'எல்டன் ரிங்' அருமையான படைப்பு; ஆனால் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் வழக்கமான பாஸ் (pause) பொத்தான் அதில் இல்லை, நாள்கள் இடைவெளி விழுந்தால் கையின் பழக்கமும் விட்டுப்போகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை இப்போதைக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

[காட்சி: 'பிரெத் ஆஃப் தி வைல்ட்', கோரோக் விதை]

முடிப்பது என்றால் எல்லாவற்றையும் சேகரிப்பது என்று பொருளல்ல. 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'-இல் தேடிச் சேகரிக்க வேண்டிய கோரோக் விதைகள் 900 உள்ளன. ஆயுதப் பை முதலியவற்றை முழு அளவுக்கு விரிக்க 441 போதும், கதையை முடிக்க ஒன்றுகூடத் தேவையில்லை. கதை முடிந்ததும் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் முதல் இரண்டு மணி நேரத்தைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்தக் கெடு தாண்டிய கேமை ஒதுக்கிவைப்பதானால், அழிக்கும் முன் அதற்கு கிளவுட் சேவ், அதாவது ஆடிய நிலையை இணையத்தில் சேமித்துவைக்கும் வசதி, உண்டா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், பின்னொரு விடுமுறையில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.