படம் மட்டும் போதுமா? புதுப் பூச்சி இனத்துக்குப் பெயர் கிடைப்பது எப்படி

[காட்சி: தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த். வீட்டுக் கறிவேப்பிலை மரம், இலையின் அடியில் முடி போன்ற காம்புகள், நுனியில் வெள்ளை முட்டைகள்]

வணக்கம். இந்த முட்டைகளைத் தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி இட்டவை இவை. பொரிந்து வரும் புழு, வளைந்த தாடைகளால் அசுவினியைக் குத்தி உறிஞ்சிவிடும். மருந்தடிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

சரி, இது எந்த இனம்? புதுசாகக்கூட இருக்கலாமோ?

[காட்சி: மலேசிய மழைக்காடு]

2011-இல் மலேசியாவின் சிலாங்கூரில் குவெக் ஹாக் பிங் என்பவர் இப்படி ஒரு பூச்சியைப் படமெடுத்து, படங்களைப் பகிரும் ஃப்ளிக்கர் தளத்தில் போட்டார். கலிபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் கண்ணில் அது பட்டது. இறக்கையின் அடிப்பகுதியில் இருந்த கருமையான குறிகள் அவருக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அவர் உடனே பெயர் வைத்துவிடவில்லை. குவெக் மறுபடியும் அதே காட்டில் ஒரு பூச்சியைப் பிடித்தபிறகு, அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே ஸ்டீபன் புரூக்ஸ் அதை ஆராய்ந்தார். மலேசியாவின் சபா மாநிலத்தில் முன்பே பிடிபட்டு, பெயரில்லாமல் கிடந்த இன்னொன்றும் அந்த அருங்காட்சியகத் தொகுப்பிலேயே அகப்பட்டது! 2012-இல் மூவரும் சேர்ந்து செமக்ரைசா ஜேட் என்று அறிவித்தார்கள். ஜேட், விண்டர்டனின் மகள்.

அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். படத்தில் அழகு தெரியும். இறக்கை நரம்புகள் எங்கே பிரிகின்றன, ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்க முடியும். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க, மூல மாதிரி என்று ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும்.

[காட்சி: இலைமேல் வயிற்றை அதிர வைக்கும் பூச்சி]

சில இனங்களில் அதுவும் போதாது. கண்ணாடி இறக்கைப் பூச்சிகளில் ஒன்றான கிரைசோபெர்லா வகையில் பல இனங்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆணும் பெண்ணும் வயிற்றை அதிர வைத்து, தண்டு வழியாக மாறி மாறிப் பாடிக்கொள்ளும். நம் காதுக்கு அது எட்டாது. கருவிகொண்டு அந்த அதிர்வைப் பதிவு செய்துதான் இனம் பிரிக்கிறார்கள். இதற்கு உயிருள்ள பூச்சியே வேண்டும்.

இதில் நமக்கு ஒரு உறவும் உண்டு. இந்திய வயல்களில் பூச்சி மேலாண்மைக்கு விடப்படும் கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் பல வருடங்களாக ஐரோப்பிய இனத்தின் பெயரான கார்னியா என்றே அழைத்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வு, பாட்டையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, அது தென்னாப்பிரிக்காவின் கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி இனத்தின் துணையினம் என்று சொன்னது. தமிழ்நாட்டுப் பருத்திக் காட்டில் அசுவினி தின்பதும் இங்கே தின்பதும் ஒரே குடும்பம் என்று நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

[காட்சி: கைபேசியில் எடுத்த படங்கள்]

நீங்கள் படமெடுக்கும்போது மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, இறக்கை தெரியப் பக்கவாட்டில் ஒன்று என்று எடுங்கள். நாள், இடம், செடியின் பெயர் மூன்றையும் சேர்த்து, உயிரினங்களின் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள். காப்புக் காடுகளில் அனுமதியில்லாமல் எதையும் பிடிக்க வேண்டாம். பிரிட்டோரியாவில் தேசியப் பூச்சித் தொகுப்பு இருக்கிறது; பூச்சியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.