தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மலைப்பாதைகளில் ஒரு காட்சி தவறாது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏதாவது ஒரு வளைவின் ஓரத்தில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆவி பறக்க ஒரு கார் நிற்கும். குழந்தைகள் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். வெயில் அதிகம், ஏற்றம் அதிகம் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். கார் பழுதுபார்ப்பதே தொழிலாகக் கொண்ட நான் இந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை. ஒழுங்காகப் பராமரித்த கார் நம் கோடையையும் தாங்கும், நம் மலைகளையும் தாங்கும். தாங்காமல் நின்ற காரைப் பிரித்துப் பார்த்தால், எப்போதோ யாரோ செய்த அரைகுறை வேலை உள்ளே தெரியும். அதில் நான் அடிக்கடி பார்ப்பது, என்ஜினின் சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பது.

"நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு? குளிர் நாட்டு வண்டிக்குத்தான் வேண்டும்" என்று சொல்லிக் கழற்றிவிடுகிறார்கள். வண்டிக்காரரும் சரி என்று தலையாட்டிவிடுகிறார். தலையாட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் வால்வு உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் சிறிய பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. மெழுகு உருகினால் விரியும், விரிகிற வேகத்தில் ஒரு கம்பியை நெட்டித் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும், சுருள்வில் வால்வை மூடிவிடும். செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் 1934-இல் கண்டுபிடித்த ஏற்பாடு இது. பெரும்பாலான கார்களில் இன்றும் வேலை செய்வது அந்த மெழுகுதான். தட்டின் விளிம்பில் 82, 88 என்பதுபோல ஓர் எண் பொறித்திருக்கும். அத்தனை டிகிரி செல்சியஸ் வந்தால் வால்வு திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீர், அதை ஆறவைக்கிற ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, உண்மைதான். ஆனால் என்ஜினுக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 90 டிகிரி. வெயிலை நம்பி அந்த இடைவெளியைக் கடக்க முடியாது. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சூடேறவே நெடுநேரம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது ஏறிய சூடும் இறங்கிவிடும். என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து அதன் கணினி கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலில் இறங்கிவிட்டு ஆவியாகாமல் அங்கேயே தங்கும். ஆயில் கெட்டியான சேறாகும். மைலேஜ் குறைகிறது என்று வருகிற வண்டியில் காரணம் இதுவாக இருப்பதுண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றுவதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார்கள். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. வால்வு முழுதாகத் திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி, குறுக்கு வழியை அடைத்துவிடும். அப்போது தண்ணீர் முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பத் திரும்ப என்ஜினுக்குள்ளேயே நுழையும். சூடு குறையட்டும் என்று கழற்றினார்கள். மலையேறும்போது அதுவே சூட்டை ஏற்றிவிடுகிறது.

வால்வு நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். கூடவே ஒரு வெப்பமானி. 82 என்று பொறித்த வால்வு அந்தச் சூட்டை ஒட்டி வாய் திறக்க வேண்டும். தண்ணீர் கொதிப்பதற்குள் முழுதாகத் திறந்துவிட வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மூட வேண்டும். இதில் எது தவறினாலும் புதிது வாங்குங்கள். பழைய சாமான் கடையில் வாங்க வேண்டாம்.

இனி மாற்றும் வேலை. என்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ரேடியேட்டரை வடித்து, மேல் ஹோஸைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் மூடியின் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். பழைய வண்டியில் துருப்பிடித்த போல்ட் பாதியில் முறியும். முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவைத்து, இறுக்கியும் தளர்த்தியும் பொறுமையாக எடுப்பவருக்கு அது முறிவது அரிது.

மூடியை எடுத்ததும் பழைய கேஸ்கட் இரண்டு பக்கமும் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கசியாமல் இருக்க இரண்டு முகங்களுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட்டைப் பேக்கிங் என்றும் சொல்வோம். வேலை நிலைப்பதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். அவசரத்தில் ஆக்ஸா பிளேடையோ ஸ்க்ரூடிரைவரையோ வைத்துச் சுரண்டுவார்கள். மூடி அலுமினியம் என்றால் மென்மையானது. ஒரு கீறல் விழுந்தால் போதும், புதுக் கேஸ்கட்டின் அடியில் அந்தக் கீறல் வழியாகவே தண்ணீர் கசியும். பித்தளைத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் சுரண்டியோ வைத்து, பெட்ரோல் நனைத்த துணியால் ஊறவைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும். சுரண்டிய துகள் என்ஜினுக்குள் விழாமல் துவாரத்தில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். மூடும்முன் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். பிறகு மூடியின் முகத்தில் இரும்பு அடிக்கோலை நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, மூடியை அதில் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் இதைச் செய்த இடத்தில் மறுபடி கசிவு வருவது அரிது.

அந்தக் காலத்து மெக்கானிக்குகள் கேஸ்கட் தாளை மூடியின்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டியே வெட்டிவிடுவார்கள். போல்ட் துளைகூட அப்படியே விழும். அந்தக் கைத்திறன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் ரப்பர் வளையம் வருகிறது. பழைய வளையம் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அதைத் திரும்பப் போடக்கூடாது.

சிலிக்கான் பேஸ்ட் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பர் வளையம் உள்ள இடத்தில் அது தேவையே இல்லை. தேவைப்படும் இடத்திலும் மெல்லிய ஒரு கோடு போதும். கட்டியாக அப்பினால், வெளியே பிதுங்குவதுபோலவே உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ந்துபோய் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட்டைத் தலைகீழாக மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மேல் ஹோஸ் பக்கம் உட்காரும் வால்வில் சுருள்வில்லும் மெழுகுக் குப்பியும் என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். தட்டில் ஆடுகிற சின்ன ஊசி ஒன்று இருக்குமானால் அது உச்சியில் வர வேண்டும்; சிக்கிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் மூடி என்றால் கைப்பலத்தைக் காட்டவே கூடாது.

தண்ணீர் நிரப்பும்போது போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு உள்ளே படியும். கூலண்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. உறைபனி இல்லாத ஊரிலும் கூலண்ட் வேண்டும், அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்திக்கொடுத்தால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். வால்வு திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். மறுபடி நிரப்பி மூடுங்கள்.

ரேடியேட்டர் மூடிக்கும் வயது உண்டு. அது பிரஷர் குக்கரின் வெயிட்டைப்போல அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் கூலண்ட் கலந்த தண்ணீர் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடான என்ஜினில் இந்த மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து திறக்காதீர்கள்.

என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டை மாற்றுவது வீட்டில் செய்கிற வேலையல்ல. ஆயில் மூடியின் அடியில் பால்போல வெள்ளைப் படலம், நிற்காத வெண்புகை, ரேடியேட்டரில் ஓயாத குமிழி, இவற்றில் எதைப் பார்த்தாலும் வண்டியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிற பட்டறையாகத் தேடிப் போங்கள். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அதைக் கண்ணால் சொல்ல முடியாது.

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ தெருவிலோ ஊற்றாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைக்கும் அதே ஆபத்துதான். மூடியுள்ள கேனில் அடைத்து, விஷம் என்று எழுதி, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.