ஓர் 'எஸ்' எழுத்துக்காக மூன்று மாலைகள்

வணக்கம். சென்ற காணொளியின் கடைசியில் மேசைமேல் கிடந்த துருப்பிடித்த கைரம்பத்தைப் பார்த்துவிட்டு, அதன் வயதைச் சொல்லும்படி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். விற்றவர் அதில் '1840' என்று எழுதிய சீட்டைக் கட்டியிருந்தார். எனக்கு எரிச்சலூட்டும் பிழைகளில் இதற்கே முதலிடம். 1840 என்பது, இந்த ரம்பத்தைச் செய்த நிறுவனத்தின் நிறுவனர் ஹென்றி டிஸ்ஸ்டன் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரம்பத் தொழிலைத் தொடங்கிய ஆண்டு. அவருடைய நிறுவனம் அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக ரம்பம் செய்தது. பட்டறையின் பிறந்தநாளை ரம்பத்தின் பிறந்தநாளாக்குவது என்ன கணக்கோ!

வழக்கம்போல் நான் முதலில் பார்த்தது கைப்பிடியில் நிறுவனப் பெயர் பொறித்துப் பதித்துள்ள பித்தளைப் பதக்கத்தை. மகன் ஹாமில்டன் 1865-இல் பங்குதாரரானபோது நிறுவனத்தின் பெயர் 'டிஸ்ஸ்டன் அண்ட் சன்' ஆயிற்று. 1871-இல் அது 'சன்ஸ்' என்று பன்மையாயிற்று. ஆகவே 'சன்' என்றிருந்தால் ரம்பம் அந்த ஆறாண்டு இடைவெளியில் செய்யப்பட்டது. 'சன்ஸ்' என்றிருந்தால் பல பத்தாண்டுகள் நீளும் வரிசையில் அதன் இடத்தைத் தேட வேண்டும். என் பதக்கத்தில் சரியாக அந்தக் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்தான் அழுக்கு இறுகிக் கல்லாகியிருந்தது.

அந்த ஓர் எழுத்துக்கு மூன்று மாலைகள் செலவாயின. முதல் மாலை எண்ணெய் தடவி ஊறவிட்டேன். இரண்டாம் மாலை பல்குத்தும் குச்சியால் சுரண்டியபோது 'எஸ்' எழுத்தின் வளைவு தென்பட்டதாக நினைத்து மனம் சோர்ந்தேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தபோது அது யாரோ இட்ட கீறல் என்று தெரிந்தது. மூன்றாம் மாலை எஞ்சிய அழுக்கு ஒரே துணுக்காகப் பெயர்ந்து விழ, 'சன்' என்பதற்கு அடுத்து வெறும் பித்தளை மட்டுமே இருந்தது. தனியாக இருந்தும் கைதட்டிக்கொண்டேன்.

ஆனால் பதக்கத்தைக் கழற்றி வேறொரு கைப்பிடியில் பொருத்த இரண்டு நிமிடம் போதும். எனவே கைப்பிடியைத் தகட்டோடு பிணைக்கும் மரைகளையும் பார்த்தேன். அவை தலையில் பிளவு வெட்டப்பட்டு, மரத்தோடு சமமாக அமர்ந்த பழைய வகைப் பித்தளை மரைகள். பிற்காலத்தவை குமிழ்போல் உயர்ந்திருக்கும். 1887 டிசம்பர் 27 என்னும் காப்புரிமைத் தேதி பொறித்த மரை இருந்தால், அந்த மரை அத்தேதிக்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. கைப்பிடியைக் கழற்றியபோது தகட்டில் வேண்டாத துளை ஒன்றும் இல்லை; வேறொரு கைப்பிடி மாட்டியதற்கான தடயம் இல்லை என்று பொருள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், மரைகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்: தகட்டின் முதுகு, அதாவது பற்களுக்கு எதிர்ப்புற விளிம்பு. உள்நோக்கி வளைந்த முதுகுக்கு டிஸ்ஸ்டன் காப்புரிமை பெற்றது 1874-இல். அத்தகைய முதுகின்மேல் 'சன்' பதக்கத்தைக் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள். என்னுடையது நேர் முதுகு. நேர் முதுகு ரம்பங்கள் பின்னரும் செய்யப்பட்டதால் அது மட்டும் சான்றாகாது.

இதோடு, கழுகுச் சின்னம் தாங்கிய 'வாரண்டட் சுப்பீரியர்' பதக்கத்தை எனக்குச் சிறிதும் பிடிக்காது. பல நிறுவனங்கள் தம் இரண்டாம் தர ரம்பங்களில் அதைப் பொருத்தின. அதை வைத்து ஒருவர் பெயரையும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர ரம்பங்கள் நாணயமானவை: அரச சின்னத்தின் இருபுறமும் 'வி.ஆர்.' என்றிருந்தால் அது விக்டோரியா காலத்துக்கு முற்பட்டதன்று.

இனித் தகடு. கம்பித் தூரிகை பொருத்திய இயந்திரத்தை நான் தொடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அமிலத்தால் அரித்து எழுதிய பெயரைத் துருவோடு சேர்த்து அழித்துவிடும் அரக்கன் அது. தட்டையான மரக்கட்டையில் நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெயிட்டு மெல்லத் தேய்த்தால் மேற்பரப்பு மட்டும் வெளுக்கும். பள்ளத்திலுள்ள எழுத்துகள் கறுப்பாகவே நிற்கும். இடப்புறத்தின் நடுவில், புகைபோல மங்கலாக, 'அண்ட் சன்' தெரிந்தது. அதற்குப் பின் எதுவும் இல்லை.

விற்றவரின் சீட்டை அவிழ்த்துவிட்டு, '1865–1871' என்று புதிதாக எழுதிக் கட்டியிருக்கிறேன்.