பஞ்சு மேகத்தின் கட்சியில் நான்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அப்பா அம்மாக்களே, வணக்கம். நேரம் கம்மி. ரெண்டு வயசு முதல் அஞ்சு வயசு வரை உள்ள பிள்ளைக்கு மழையும் வெயிலும் காற்றும் பிடிபடுவது வீட்டுக் கைவேலையிலா, வெளி விளையாட்டிலா என்பது தலைப்பு. நாங்கள் கைவேலை.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு போடு போட்டார். "வெளியே நிஜ மழை கொட்டும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பஞ்சில் மேகம் ஒட்டுகிற கூட்டம் இது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். மூணாவது வரிசையில் ஒருத்தர் விசிலே அடித்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் சார்.

சகோதரி, ஜன்னலைச் சாத்தியது யார்? பஞ்சா எழுந்து போய்ச் சாத்தியது? "நனையாதே, சளி பிடிக்கும்" என்று சாத்தியது நீங்களும் நானும். செய்வது நாம், பழி பஞ்சுக்கு! சரி, ஜன்னலைத் திறந்தே வைக்கிறோம், பிள்ளை நன்றாக நனையட்டும். நனைந்த பிள்ளைக்கு மழை ஈரம் என்று தெரியும். அது எங்கிருந்து வந்தது, ஏன் இப்போது வந்தது, நேற்று ஏன் வரவில்லை? குவி மேகத்தின் அடிப்பாகமே பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சகோதரி பிள்ளையைத் தோளில் ஏற்றித் தொட வைப்பாரா?

எங்கள் வீட்டில் தொட்டார்கள். அக்கா மகளுக்கு மூணு வயசு. ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர், அதன் மேல் குவித்து ஷேவிங் ஃபோம், அதுதான் மேகம். நீலச் சாயம் கலந்த தண்ணீரை மருந்து விடுகிற சொட்டுக் குழாயால் அதன் தலையில் விடச் சொன்னோம். (வாயிலும் கண்ணிலும் ஃபோம் படாமல் ஒரு பெரிய ஆள் பக்கத்திலேயே இருக்கணும்.) ஒரு சொட்டு விட்டாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்க்கிறாள். ஒரு இடத்தில் நில்லென்றால் நிற்காத பிள்ளை நடுவர் அவர்களே! திடீரென்று ஃபோமின் அடியிலிருந்து நீலமாக ஒரு நூல் இறங்கியது, பின்னாலேயே நாலைந்து. இவள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்: "மழை வந்துடுச்சு! பாட்டி, துணி!"

பாட்டி நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுந்த வேகத்தில் மாடிக்கு ஓடினார், முட்டி வலிக்கிறது என்று காலையில் சொன்ன அதே பாட்டி. மாடியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் துணியை எல்லாம் உருவிக்கொண்டுதான் வந்தார். கேட்டால், "குழந்தை சொன்னா காரணம் இருக்கும்" என்கிறார்.

பின்வரிசையில் சிரிப்பு போதவில்லை, அதனால் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு தடவை சொல்கிறேன். அந்த அம்மா மெத்தை காயப்போட்டிருந்தார். ஏன் என்று கேட்காதீர்கள், அங்கேயும் ஒரு குழந்தை இருக்கிறது. வயசானவர் ஒருவர் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மெத்தையை இழுத்தார். அவர் இழுப்பதைப் பார்த்து அடுத்த மாடி, அதைப் பார்த்து அதற்கடுத்த மாடி. ஒரு டம்ளர் மழைக்கு ஒரு தெருவே துணி எடுத்தது சகோதரி! உங்கள் நிஜ மழைக்குக்கூட இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

"டம்ளர் மேகம் சரியான அறிவியலா?" என்று அங்கே முணுமுணுப்பு கேட்கிறது. முழுசாகச் சரி இல்லைதான். நிஜ மேகத்தில் ஒரு துளி சுமார் 0.02 மில்லிமீட்டர், அப்படிப் பத்து லட்சம் சேர்ந்தால்தான் 2 மில்லிமீட்டரில் ஒரு மழைத்துளி. தாங்குகிற வரைக்கும் மேலே நிற்கும், தாங்காவிட்டால் விழும், இதை மூணு வயசு கண்ணால் பார்த்துவிட்டது. மீதியைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

பஞ்சையும் அவ்வளவு லேசாக நினைக்காதீர்கள். 1802ல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் மேகங்களை வகை பிரித்துப் பெயர் வைத்தார். மருந்து தயாரிப்பு அவர் தொழில், வானம் பார்ப்பது ஆசை. அவர் பிரித்ததில் மூன்று ஒரு பிடி பஞ்சில் வந்துவிடும். மெல்லிசாகப் பிய்த்து இழுத்தால் கீற்று மேகம், உருட்டிக் குவித்தால் குவி மேகம், தட்டையாகப் பரப்பினால் படை மேகம். நீலக் காகிதத்தில் பசை தடவிக் கொடுத்தால் போதும், பிள்ளையே ஒட்டும். பாதி பஞ்சு விரலில்தான் ஒட்டும், இருக்கட்டும். மூணு வயசுக்குக் கீழே என்றால் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளணும். காகிதத் தட்டில் சூரியன், அட்டைக் குழாயில் வண்ணக் காகித வால் கட்டிக் காற்றுக்குக் காட்டுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

இனி நான் சொல்வது வாதமா என்று எனக்கே தெரியாது. பிள்ளையை வெளியே அனுப்பு, வெளியே அனுப்பு என்கிறார் சகோதரி. அனுப்ப முடியாத பிள்ளை? நண்பர் ஒருவரின் மகன், நாலு வயசு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். திறக்க முடியாத ஜன்னல், கையில் ட்ரிப்ஸ். பார்க்கப் போனபோது பஞ்சும் அட்டையும் பசையும் கொண்டு போனோம். உட்கார்ந்து ஒரு மேகம் ஒட்டினான், கோணல்மாணலாக. சுவரில் மாட்டலாமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ட்ரிப்ஸ் கம்பியைக் காட்டினான். பாட்டிலுக்கு மேலே கட்டினோம். குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து அவன் அம்மாவிடம், "எனக்கு மட்டும் மழை பெய்யுதும்மா" என்றான். அந்த அம்மா தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அது நிறைந்துதான் இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, சரி. பையன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான், இப்போது நிஜ மழையிலும் ஆடுகிறான், அதை எதிரணி தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். அந்த ட்ரிப்ஸ் கம்பிக்குப் பதில் சொல்லிவிட்டுச் சகோதரி தீர்ப்பு கேட்கட்டும். நன்றி, வணக்கம்.