தலை ஒடிந்த கிட்டாரைப் பாதி விலைக்கு வாங்கலாமா?

[திரையில்: குப்புறப் படுக்கவைத்த சிவப்பு நிற லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், பின்பக்கம், குறுக்கே ஒரு விரிசல்.]

இந்த விரிசலைப் பார்த்ததும் கிட்டார் வாசிப்பவர்களில் ஒரு பாதி "ஐயோ" என்பார்கள். மறுபாதி விலை கேட்பார்கள். இந்த வீடியோ விலை கேட்பவர்களுக்கானது.

கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டார் ஒன்றின் ஹெட்ஸ்டாக், அதாவது தலை, ஒருமுறை ஒடிந்துவிட்டால், அதை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும், பழைய கிட்டார் சந்தையில் விலை ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும். கம்பியின் அதிர்வை ஒலியாக்கும் பிக்கப் அதேதான், மரம் அதேதான், ஆனால் சேகரிப்பவர் கண்ணில் அது ஊனப்பட்ட பொருள். அவருக்கு நஷ்டம், வாசிக்கிறவருக்கு லாபம். இது என் உறுதியான கட்சி. ஒரே ஒரு நிபந்தனை: கழுத்தில் வரும் சேதம் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பார்க்கப் பயங்கரமாக இருப்பது பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான் காசைத் தின்னும்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். லெஸ் பால் 1952இல் வந்தது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் செய்தார்கள், கழுத்து மஹாகனி, அதை உடலோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். போதும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஏன் எப்போதும் அதே இடத்தில் ஒடிகிறது?

[திரையில்: பக்கவாட்டுப் படம். தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் காட்டும் கோடு.]

கிப்சனின் தலை கழுத்தோடு நேராக இருக்காது. 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்து முடியும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டைக்கு நட் என்று பெயர். கம்பிகள் அந்த நட்டின் மேல் அழுந்தி உட்காரவே இந்தச் சாய்வு. ஆனால் கழுத்தையும் தலையையும் ஒரே கட்டையிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். மரத்தின் நார் கழுத்து நெடுக நேராக ஓடுகிறது. தலை வளையும் இடத்தில் நார் வளைவதில்லை, பாதியிலேயே வெளியே வந்து முடிந்துவிடுகிறது. விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும்: நாரின் போக்கில் ஒரு தட்டுத் தட்டினால் கட்டை வாய்விட்டுப் பிளக்கும். கிப்சனின் கழுத்தில் அந்தப் போக்கு சரியாக நட்டுக்குப் பின்னால் அமைந்திருக்கிறது.

அதோடு விட்டார்களா? கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகள் இழுக்கும் இழுப்புக்குக் கழுத்து வளையாமல் எதிர்த்துப் பிடிப்பது அதன் வேலை. 1920களில் கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ அதற்குக் காப்புரிமை வாங்கினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதைத் திருகும் மரை எங்கே இருக்கிறது? நட்டுக்குப் பின்னால், தலையில் குழி தோண்டி. மரம் மிக மெலிந்திருக்கும் இடத்தில், நார் அறுபட்டிருக்கும் இடத்தில், ஒரு குழி. அதன்மேல் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. எல்லாப் பலவீனத்தையும் ஒரே அங்குலத்தில் குவித்து வைத்துவிட்டு, அதற்கு லட்சக்கணக்கில் விலையும் வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

கிட்டார் ஸ்டாண்டிலிருந்து மல்லாந்து விழுந்தால் முடிந்தது கதை. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் தப்பாது. பெட்டி குப்புறச் சாயும்போது உடல் நின்றுவிடுகிறது, கம்பிகளை முறுக்கும் ட்யூனர்களின் கனத்தோடு தலை மட்டும் தொடர்ந்து போகப் பார்க்கிறது. திறந்து பார்த்தால் உடலில் கீறல்கூட இருக்காது, தலை தொங்கிக்கொண்டிருக்கும்.

கிப்சனுக்கு இது தெரியாமல் இல்லை. 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில், ஒடியும் இடத்தில் மரத்தைத் தடிப்பாக விட்டு வால்யூட் என்ற புடைப்பு வைத்தார்கள். ஒரே கட்டைக்குப் பதில் மூன்று துண்டுகளை ஒட்டிக் கழுத்து செய்தார்கள். எல்லாம் புத்திசாலித்தனமான திருத்தங்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? "பழைய மாதிரி இல்லை" என்று முகம் சுளித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் வால்யூட் போய்விட்டது, பிறகு 17 டிகிரியும் திரும்பி வந்தது. அதாவது ஒடிகிற கிட்டாரைத்தான் மக்கள் கேட்டு வாங்குகிறார்கள்! பல விலை குறைந்த கிட்டார்களில் தலையைத் தனித் துண்டாகச் சாய்த்து ஒட்டியிருப்பார்கள். அதில் நார் தலை நெடுக ஓடும், அதனால் உறுதி அதிகம். இதை லெஸ் பால் வைத்திருக்கும் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் வேறு வழியில் போனார். அவர் ரேடியோ பழுதுபார்ப்பவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். சாய்வே இல்லாத தட்டைத் தலை, மேப்பிள் கழுத்து, உடலோடு இணைக்க நான்கு திருகுகள். கெட்டுப்போனால் கழற்று, புதியதை மாட்டு. எனக்கு அந்த மனப்பான்மை மிகவும் பிடிக்கும்.

சரி, வாங்கப் போகிறீர்கள். விற்பவர் "வெறும் பெயின்ட் கீறல்தான்" என்பார். செல்போன் டார்ச்சைக் கழுத்தின் பின்புறத்தில் படுக்கைவாட்டில் பிடியுங்கள். கீறலின் மேல் நகத்தை ஓட்டுங்கள். இருபுறமும் ஒரே மட்டமாக இருந்தால் பூச்சு மட்டும் வெடித்திருக்க வாய்ப்புண்டு. விற்பவர் சம்மதித்தால், கம்பிகள் இறுக்கமாக இருக்கும்போது தலையை மிக மெதுவாக அழுத்துங்கள். கோடு மயிரிழை அளவு வாய் திறந்து மூடினால் உடைந்திருப்பது மரம். பயப்பட வேண்டாம், விலையைக் குறையுங்கள்.

பயப்பட வேண்டியது அடுத்தது. கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தலையை நோக்கிப் பாருங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். போகப் போக ஒரு பக்கம் சரிந்தால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு ட்ரஸ் ராட். கிப்சனுக்கு 5/16 அங்குலச் சாவி வேண்டும், கையோடு எடுத்துப் போங்கள். கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். மரை ஏற்கெனவே அடிவரை இறுகியிருந்து, கழுத்து இன்னும் வில்லாக வளைந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உடலோடு பசை போட்டு ஒட்டிய கழுத்தில் இந்த இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு கிட்டாரே வாங்கலாம். ஃபெண்டர் வகை என்றால் கவலையில்லை, நான்கு திருகுதானே.

[திரையில்: கிளாம்ப், ஈர்க்குச்சி அளவு மெல்லிய தகடு, மரப் பசை.]

இப்போது ஒட்டுவது. கம்பிகளைக் கழற்றுங்கள், ட்ரஸ் ராடைத் தளர்த்துங்கள். தலையின் முகப்பில் உள்ள கருப்புத் தகடு பல உடைவுகளில் அறுபடாமல் கீல்போல நிற்கும். அதைப் பிய்த்துவிடாதீர்கள், தலை பழைய இடத்திலேயே வந்து உட்கார அதுதான் வழிகாட்டி. முதலில் பசையே இல்லாமல் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். கோடு முழுதாக மூடுகிறதா? நல்லது, கழற்றுங்கள்.

பசை என்றால் தச்சர்கள் பயன்படுத்தும் மஞ்சள் மரப் பசை. டைட்பாண்ட் ஒரிஜினலைப் பழுதுபார்ப்பவர்கள் பலர் விரும்புகிறார்கள். சூப்பர் க்ளூ, எபாக்ஸி பக்கம் போகாதீர்கள். ஒட்டு தவறிப்போனால் அதன் மிச்சம் மரத்துக்குள் ஊறி நிற்கும், அதன்மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. ஏற்கெனவே யாராவது ஒட்டி மறுபடி விட்டுப்போன கிட்டாரை வாங்கத் தயங்க வேண்டியதும் இதனால்தான்.

விரிசலை லேசாகத் திறந்து, மெல்லிய தகட்டால் பசையை அடிவரை தள்ளுங்கள். தலையை மெல்ல ஆட்டினால் விரிசல் பசையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ட்ரஸ் ராட் குழிக்குள் மட்டும் போகக் கூடாது. மெழுகுத்தாள் சுற்றிய மரத்துண்டுகளை இருபுறமும் வைத்துக் கிளாம்ப்பை இறுக்கும்போது, கோடு முழுவதும் சிறு சிறு முத்துகளாகப் பசை எட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் முத்து வரவில்லையென்றால் அங்கே பசை போகவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் தொடாதீர்கள்.

நீளமாகச் சாய்ந்து பிளந்த உடைவென்றால் ஒட்டுப் பரப்பு அதிகம், சுற்றியுள்ள மரத்தைவிட ஒட்டு உறுதியாக நிற்கும். குறுக்கே கத்தரித்ததுபோல் மொட்டையாக ஒடிந்திருந்தால் பசை மட்டும் போதாது, மரப்பட்டிகள் புதைத்துப் பூட்ட வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை, அவரிடமே கொடுங்கள்.

ஒட்டிய கிட்டாரை அக்னி நட்சத்திர வெயிலில் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மரப் பசை சூட்டில் இளகும். பின்னாளில் விற்கும்போது உடைவைச் சொல்லியே விற்றுவிடுங்கள், மேலே எவ்வளவு பூச்சுப் பூசினாலும் டார்ச்சோடு ஒருவர் வருவார். உங்களிடம் இப்படி ஒடிந்த கிட்டார் இருந்தால் பின்பக்கப் படத்தைக் கருத்துப் பகுதியில் போடுங்கள், சாய்ந்த உடைவா மொட்டை உடைவா என்று பார்த்துச் சொல்கிறேன்.